பழைய டிராக்டர் டிரெய்லரின் முறுக்கிய சேஸிஸை நிமிர்த்துவது எப்படி?

கேள்வி இது: பத்துக்கு ஆறு அடி, இரண்டு சக்கர டிரெய்லர். தரைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்க வலது மூலை ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கி நிற்கிறது. சூடேற்றி ஜாக்கி கொடுத்தால் போதுமா, புதுச் சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) போட வேண்டுமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். இந்த அளவு முறுக்கில் பெரும்பாலும் சேனல் கெட்டிருக்காது. குறுக்குச் சேனல்களின் வெல்டிங்தான் முறுக்கைப் பிடித்து வைத்திருக்கும். டிரெய்லர் மேடு பள்ளத்தில் நிற்கும்போதே யாரோ பழைய விரிசலுக்கு வெல்டிங் அடித்திருப்பார்கள். அன்று சட்டம் நின்ற கோணம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்காமல் ஜாக்கி கொடுத்தால், கொடுக்கும்வரை வரும், எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். மூடாத சி வடிவச் சேனல் முறுக்குக்கு அவ்வளவு வளைந்து கொடுக்கும். 100க்கு 50 அளவில் சேனலையும் 4 மி.மீ. பெட்டிக் குழாயையும் ஒப்பிட்டால், குழாய் முறுக்கை எதிர்க்கும் பலம் ஐம்பது மடங்குக்கும் மேல்.

முதலில் கோணல் சேஸிஸில்தானா என்று பாருங்கள். ஒரு பக்க ஸ்பிரிங் பட்டை படுத்திருந்தாலும், மெயின் பட்டை உடைந்திருந்தாலும், வெறும் டயர் காற்று குறைந்திருந்தாலும் மூலை தூக்கித்தான் நிற்கும். யு போல்ட்டைக் கழற்றி ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் இறக்கிவிட்டு, வெறும் சட்டத்தை ஸ்டாண்டில் ஏற்றி அளப்பதே சரி.

மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு அளவும் சமம் என்றதும் “நேராத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். சட்டம் சாய்சதுரமாக ஓடியிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது காட்டும், முறுக்கைக் காட்டாது. முறுக்கைப் பார்க்க, நான்கு மூலையிலும் ஒரே உயரமுள்ள நட்டை வைத்து அதன்மேல் குறுக்காக இரண்டு நைலான் கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டால் சட்டம் ஒரே தளத்தில் இருக்கிறது. ஒன்றையொன்று அழுத்தினால் மேல் கயிற்றைக் கீழே மாற்றிக் கட்டி, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதைப்போல் இரண்டு மடங்குதான் நான்காவது மூலையின் தூக்கல். நடுவில் 5 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி என்றால், மூலையில் 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம்.

மூன்று ஸ்டாண்டில் வைத்து தண்ணீர் டியூபால் மட்டம் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாங்கல் இல்லாத மூலை தன் எடையாலேயே தொங்கும். அதனால் சட்டத்தைக் குப்புறப் புரட்டி, அதே மூன்று மூலைகளைத் தாங்கி, இன்னொரு முறை அளக்க வேண்டும். நிமிர்ந்த நிலையில் 24 மி.மீ. மேலே, கவிழ்த்தபோது 36 மி.மீ. கீழே என்றால் உண்மையான முறுக்கு 30, தொங்கல் 6. சுமார் 120 கிலோதான் இருக்கும்; நாலு பேர் புரட்டிவிடலாம்.

அடுத்து, முறுக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நேரான சதுரக் குழாய்களை நீளச் சேனல்களின்மேல் குறுக்கே வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் விளிம்போடு மற்றதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு குறுக்குச் சேனல்களுக்கு இடைப்பட்டது ஒரு கட்டம்; பின்குழாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாக முன்னுக்கு நகர்த்தி வந்தால், எந்தக் கட்டத்தில் கோணல் மறைகிறதோ அதற்கு நேர் பின்கட்டத்தில்தான் பிரச்சினை. அநேகமாக ஸ்பிரிங் பிராக்கெட் பக்கமாக இருக்கும்.

அந்த இடத்தில் வயர் பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு ஊறி வரும். விரிசல் முனையில் 6 மி.மீ. துளை போட்ட பிறகே வெல்டிங். 5 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் துருவில் 3.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் நிமிர்த்தும் வேலையே வீண், அந்த நீளத்தை மாற்றிவிடுங்கள். சேஸிஸ் எண் குத்திய இடத்தில் மட்டும் கிரைண்டர் படவே கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள்.

இனிதான் இழுப்பு. முன், பின் குறுக்குச் சேனல்களைத் தொடாதீர்கள். சதுரத்தைப் பிடித்து வைப்பது அவைதான். நடுவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக, ஒரு முனையில் மட்டும், கட்டிங் வீலால் வெல்டிங்கோடு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கயிற்று இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு வெட்டில் சட்டம் ‘டக்’ என்று சத்தத்தோடு இடம் மாறும், வெட்டுவாய் விலகும். முறுக்கைப் பூட்டியிருந்தது அந்த ஜாயின்ட்தான். பல சட்டங்களில் பாதி முறுக்கு இதிலேயே போய்விடும்.

மீதிக்கு, சட்டத்தின் அடியில் 150 மி.மீ. கர்டர் இரண்டைக் குறுக்கே போட்டு, தாழ்ந்த இரண்டு மூலைகளுக்கும் அடியில் கட்டை கொடுத்து, தூக்கிய இரண்டு மூலைகளையும் கர்டரோடு செயின் பிளாக்கால் (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி) கீழே இழுங்கள். 8 மி.மீ. கிரேடு 80 செயின் 2 டன் தாங்கும், அது போதும். ஜிஐ கம்பியோ கிளிப் போட்ட வயர் ரோப்போ வேண்டாம். செயின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, அது நீளும் திசையில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தாண்டி இழுப்பது என்பதற்குப் பொதுக் கணக்கு கிடையாது. மட்டத்தைத் தாண்டி 2 நூல் இழுத்து, முழுக்க விட்டு, அளந்து, பிறகு அடுத்த 2 நூல்.

கேஸ் சூட்டைப் பலரும் முதல் மருந்தாக நினைக்கிறார்கள். சேனல் வில்லாக வளைந்திருந்தால் அது உதவும். முறுக்குக்கு அது மருந்தல்ல. வளைவுக்கென்றால், புடைத்த பக்கத்தில் அகலமாக இருக்கும்படி வி வடிவில் சூடேற்றுங்கள். ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம். அது நிழலில் மட்டுமே தெரியும் மங்கிய சிவப்பு. வெயிலில் செய்தால் அளவு மீறியது தெரியாமல் போகும். தண்ணீர் ஊற்றாதீர்கள். பழைய லாரி சேஸிஸை வெட்டி நீளச் சேனலாகப் போட்ட டிரெய்லரில் சூடே வேண்டாம், அந்த இரும்பு உயர்பலம் கொண்டதாக இருக்கலாம்.

நேரானதும், செயினைக் கழற்றாமல், எதிர்ப்பக்கம் 1 நூல் தாண்டிய நிலையிலேயே டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வையுங்கள். பிறகு 7018 ரக, 10 கேஜ் வெல்டிங் ராடில், இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக, வலது முன் அடித்தால் அடுத்தது இடது பின் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். நீளச் சேனலின் கீழ் ஃபிளாஞ்சில் (சி வடிவின் கீழ்ப் பட்டை) குறுக்கே வெல்டிங் விடாதீர்கள். பாரம் ஏறும்போது முதல் விரிசல் அங்கேதான் விழும். முழுக்க ஆறிய பிறகே செயினை அவிழ்க்க வேண்டும். கெட்டிருந்த கட்டத்தில் சேனலின் வாயை 5 மி.மீ. தகட்டால் மூடிப் பெட்டியாக்கலாம். தகட்டின் இரு முனைகளையும் சரிவாக வெட்டுங்கள், அடியில் 10 மி.மீ. தண்ணீர்த் துளை விடுங்கள். முழு நீளத்தையும் மூட வேண்டாம். பட்டுக்கோட்டைச் சாலையோ பாத்தி வரப்போ, எங்கே போனாலும் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்தாக வேண்டும்.

10க்கு 6 அடிச் சட்டத்தில் 2 நூல் முறுக்கு மிச்சமிருந்தால் விட்டுவிடலாம், தகடு இறுகும்போது அது தெரியாது. ஆனால் ஆக்சிலை மாட்டும்போது அவ்வளவு தாராளம் கூடாது. ஹூக் துளையின் மையத்திலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்தால் வித்தியாசம் 1 நூலுக்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் போனால் டிரெய்லர் நண்டு போல் பக்கவாட்டில் ஓடும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும். யு போல்ட்டை முழுக்க முறுக்குவதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள்.