மான்கொம்புப் பன்னத்தின் (staghorn fern) அடியிலைகள் கபில நிறமாகின்றன, வெட்டிவிடலாமா?

வெட்டவே வேண்டாம். வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் பலகையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் உங்கள் செடிக்கு அது நோயல்ல.

இதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு. கொம்புபோலக் கிளைத்து நீள்பவை வித்தி (பன்னம் இனம்பெருக்கும் நுண்துகள்) தரும் இலைகள். முதிர்ந்ததும் அவற்றின் நுனியில், கீழ்ப்புறத்தில் தோன்றும் கபிலத் திட்டுகள் வித்திகள்தாம், பங்கசு அல்ல. பலகையைத் தழுவிக் கிடக்கும் அடியிலைகள் கவச இலைகள். இவை பச்சையாக முளைத்துப் பின் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் வேரை மூடி, ஈரத்தையும் மேலிருந்து விழும் சருகையும் பிடித்துவைக்கும். மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு அந்தச் சருகுதான் உரம். அதைப் பிய்த்தால் வேர் வெளியே தெரியும்.

பயப்பட வேண்டியது கருமைக்கு. அடிப்பகுதி கறுத்து மெத்தென்று இருந்தால் நீர் மிஞ்சி அழுகுகிறது. கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில், தினமும் நீர் ஊற்றுவது தேவையற்ற அன்பு. வேரைச் சுற்றியுள்ள தென்னந்தும்பைத் தொட்டுப் பாருங்கள், பலகையைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்து இலேசாகியிருந்தால் மட்டும் வாளி நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, வடியவிட்டு மாட்டுங்கள்.

காலை வெயில் நல்லது, உச்சிவெயில் இலையைக் கருக்கும். இலையிலுள்ள வெண்பூச்சைத் தூசி என்று துடைக்காதீர்கள். நீரிழப்பைக் குறைக்கும் நுண்மயிர் அது. திரவ உரத்தைப் பாதி அளவுக்குக் கரைத்து மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். பலர் சொல்லும் வாழைப்பழத் தோல் எறும்பைத்தான் அழைத்துவரும்.