ஆறு கம்பி, ஒரு பிடி

அன்புள்ள ஐயா,
ஷார்ஜாவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மாதாமாதம் திர்ஹமை ரூபாயாக்கி ஊருக்கு அனுப்புகிறவன். யூரோவுக்கு முன் கிரேக்கத்தில் இருந்த திராக்மாதான் திர்ஹம் ஆனது என்கிறார் அறை நண்பர். உண்மையா? திராக்மா என்றால் என்ன பொருள்?
ஒரு வாசகர், ஷார்ஜா

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். கிரேக்கர்களின் திராக்மா பாரசீகம் வழியாக அரபு மொழிக்குப் போய் திர்ஹம் ஆயிற்று. வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர்களும் திராக்மா அடித்தார்கள். சமஸ்கிருதத்தில் அது 'திரம்மம்'. இந்திக்காரர்கள் விலையை 'தாம்' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பொருளைக் கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. திராக்மா என்றால் 'ஒரு பிடி'. கையால் பற்றுவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல். தமிழில் 'பிடி' வினையாகவும் இருக்கிறது, பிடி அரிசி என்னும்போது அளவாகவும் இருக்கிறது இல்லையா, அதேபோலத்தான்.

எதைப் பிடித்தார்கள்? இறைச்சி சுடும் இரும்புக் கம்பியை. காசு அடிக்கும் பழக்கம் வருமுன் அந்தக் கம்பிகளே பணமாகப் புழங்கின. கம்பிக்குப் பெயர் ஒபெலோஸ். ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி நிறையும், அதுதான் திராக்மா என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கிரேக்கத்தின் ஆர்கோஸ் நகருக்கு அருகே ஹேரா என்ற பெண் தெய்வத்தின் கோயிலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டியபோது, காணிக்கையாக வைத்த கம்பிகள் கட்டாகவே கிடைத்தன. ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஷார்ஜாவில் கபாப் கடைப் பக்கம் போனால், கடைக்காரர் கம்பிகளைச் சேர்த்து அள்ளும் கையைக் கவனியுங்கள். அந்தக் கையைத்தான் இந்தச் சொல் பிடித்து வைத்திருக்கிறது.

பிறகு ஏதென்ஸில் திராக்மா சுமார் 4.3 கிராம் வெள்ளிக்காசாகிவிட்டது. கையில் பிடிக்க ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனாலும் ஆறு ஒபோல் (ஒபெலோஸ் கம்பியின் பெயரைப் பெற்ற சிறு காசு) ஒரு திராக்மா என்ற கணக்கை யாரும் மாற்றவில்லை. பைபிளில் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் தொலைந்த வெள்ளிக்காசை விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாளே ஒரு பெண், கிரேக்க மூலத்தில் அது திராக்மா.

நவீன கிரேக்கம் 1830களில் இந்தப் பெயரை மறுபடி எடுத்துக்கொண்டது. 2001இல் கிரேக்கம் யூரோவுக்கு மாறியது, ஒரு யூரோவுக்கு 340.75 திராக்மா என்ற கணக்கில். ஒரு கைப்பிடியிலிருந்து வந்த பெயர் புழக்கத்திலிருந்து போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பழைய நோட்டுகளை மாற்றிக்கொள்ள 2012 மார்ச் 1 வரை கெடு இருந்தது.

அன்புடன்.