26-வது பை

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஆறாவது பிறந்தநாள். அபார்ட்மென்ட் பிள்ளைகள், வகுப்புத் தோழிகள் என்று 25 பேரை அழைக்கிறோம். ரிட்டர்ன் கிஃப்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. போன மாதம் மேல்வீட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டி எவர்சில்வர் லஞ்ச் பாக்ஸ் கொடுத்தார்கள். நாங்கள் பென்சில், ரப்பர் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளும் வருவாள். எப்போதும் இவளோடுதான் விளையாடுவாள். அவளுக்குத் தனியாக ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம். 25 பேருக்கு மலிவாக, ஆனால் பார்க்க மதிப்பாக என்ன வாங்கலாம்?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: இரண்டு இடத்தில் 25 என்று எழுதியிருக்கிறீர்கள். 26 என்று எழுதக் கை வரவில்லை.

"தனியாக ஏதாவது" என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மீந்த கேக், மகளுக்குச் சின்னதாகிப் போன கவுன். விழா முடிகிற நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் வாசலில் பையோடு நிற்பீர்கள், பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டே வரிசையாக வாங்குவார்கள். அந்தப் பெண்ணும் வரிசையில் வந்து நிற்பாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தான் வேறு கணக்கு என்று எப்படித் தெரியும்? "உனக்கு அப்புறம் தரேன்டா" என்பீர்கள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் அவள் அம்மா காதில் அது விழும். உங்கள் மகளும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அன்றைக்கு அவள் வீட்டில் படிக்கிற பாடம் அதுதான்.

நம் ஊரில் இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். கல்யாண வீட்டில் 10,000 ரூபாய் மொய் எழுதியவருக்கும் 100 ரூபாய் எழுதியவருக்கும் ஒரே தாம்பூலப் பைதான், அதே தேங்காய்தான். நான் படித்த காலத்தில் பிறந்தநாள் என்றால் புதுச் சட்டையும் கையில் ஒரு மிட்டாய் டப்பாவும். டீச்சருக்கு இரண்டு, மற்ற எல்லோருக்கும் ஒன்று. முதல் நாள் என் சிலேட்டை உடைத்தவளுக்கும் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தேன், மனசில்லாமல்தான்.

மேல்வீட்டு லஞ்ச் பாக்ஸ் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது அவர்கள் காசு.

இனி கணக்குக்கு வருவோம். பாரிமுனைக்குப் போங்கள். பந்தர் தெரு, ஈவினிங் பஜார் பக்கம் மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. டஜன் கணக்கில் கேட்டால்தான் விலை இறங்கும். இரண்டு டஜன் போதாது, மூன்றாக எடுங்கள். 36 அதிகம் என்று தோன்றும். அக்காவோடு தம்பி, அண்ணனோடு தங்கை என்று அழைக்காத வாண்டுகள் எத்தனை வரும் என்று பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பைக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 2,880. மிச்சம் 120 பஸ்ஸுக்கும் ஒரு காபிக்கும்.

80 ரூபாய்க்கு ஒரே பொருளைத் தேடினால் ஒரு நாளில் உடையும் பொம்மைதான் மாட்டும். ஒரு கிரையான் பெட்டி, கெட்டித் தாளில் ஒரு டிராயிங் நோட்டு, இரண்டு கடலை மிட்டாய். நோட்டு வாங்கும்போது ஒரு பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் கிரையான் ஏறாது. கார்ட்டூன் படம் போட்ட பளபளப்புப் பையைக் கடைக்காரர் நீட்டுவார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை, துணி மாதிரித் தெரிகிற அந்த நெய்யாத பைகளுக்கும் சேர்த்துத்தான். ஆண்டர்சன் தெருவில் பழுப்புத் தாள் கவர் வாங்கி, மேலே உங்கள் மகளையே படம் வரையச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. லஞ்ச் பாக்ஸின் ஸ்டிக்கர் வரைக்கும் எழுதிய நீங்கள், மகளோடு தினமும் விளையாடும் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. கடைக்குப் போகும் முன் அதைப் பட்டியலில் எழுதுங்கள். அவள் அம்மாவிடம், "அன்னிக்கு வேலைக்கு வர வேண்டாம்க்கா, பாப்பாவைக் கூட்டிட்டு ஃபங்ஷனுக்கு வாங்க" என்று சொல்லுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். எச்சில் தட்டை உங்கள் வீட்டுக்காரர் எடுக்கட்டும்.