கிளவுட் பில் தானாகக் கணக்கில் ஏறலாம், சர்வர் தானாக நிற்கலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்களுக்கு எடைச்சீட்டு, ட்ரிப் கணக்கு பார்க்கும் ஒரு சிஸ்டத்தை நானும் தங்கையும் நடத்துகிறோம். சர்வர், அமேசான் இணையம் வழியாக வாடகைக்கு விடும் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில், கணக்கு ஸீரோ (Xero) என்ற கணக்கு மென்பொருளில். பில் டாலரில் வருகிறது, மாதா மாதம் மாறுகிறது, ஒரு தடவை கார்டில் காசு பற்றாமல் திண்டாடிவிட்டோம். பில் தானாகக் கணக்கில் ஏறும், பட்ஜெட் தாண்டினால் சர்வர் தானாக நிற்கும், கார்டில் காசு குறைந்தால் வியாபாரக் கணக்கிலிருந்து தானாக மாறும், எல்லாம் செய்து தருகிறேன் என்று ஒருவர் மூவாயிரம் வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, அவர் சொல்வது மூன்று தனித்தனி வேலை. முதல் வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

பில் தானாகக் கணக்கில் ஏறுவது நல்ல விஷயம், தாராளமாகச் செய்யலாம். மாதம் முடிந்து பில் வந்ததும் ஸேப்பியர், மேக், என்8என் மாதிரி மென்பொருள்களைத் தானாக இணைக்கும் கருவி ஒன்று அதை எடுத்து ஸீரோவில் டிராஃப்டாகப் போட வேண்டும், நீங்களோ தங்கையோ பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் கிராணி கணக்கு எழுதுவார், செக்கில் கையெழுத்து மேனேஜர்தானே போடுவார், அந்த முறைதான். இன்வாய்ஸ் எண்ணை வைத்து, அதே எண் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிதாகப் போடச் சொல்லுங்கள். இணைப்பு பாதியில் அறுந்து மறுபடி ஓடும்போது ஒரே பில் இரண்டு தடவை ஏறுவது இந்த மாதிரி வேலைகளில் அடிக்கடி நடக்கும். ஸீரோவின் இணைப்பு அனுமதி 60 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் காலாவதியாகிவிடும், அதனால் ஓட்டம் தவறினால் உங்கள் இரண்டு பேருக்கும் மெசேஜ் வர வேண்டும்.

இன்னொன்று, செலவு விவரத்தை எத்தனை தடவை கேட்கும்படி அமைக்கிறார் என்று விசாரியுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் செலவு காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திரையில் பார்க்கக் காசு இல்லை, ஆனால் ஏபிஐ வழியாக, அதாவது மென்பொருள் நேரடியாகக் கேட்டால் ஒரு கேள்விக்கு 0.01 டாலர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துவிட்டால் ஒரு நாளைக்கு 288 கேள்வி, மாதத்துக்கு 86 டாலருக்கு மேல் போய்விடும், அதுவும் ஒரு நாளைக்குச் சில தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படாத தகவலுக்கு. ஒரு நாளைக்கு ஒரு முறை போதும்.

இப்போது சர்வர் தானாக நிற்கும் விஷயம். இதில்தான் எனக்குப் பயம். பட்ஜெட் என்பது அங்கே எச்சரிக்கை மட்டும்தான், அந்தத் தொகையோடு செலவு நின்றுவிடாது. தகவலும் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். எல்லை தாண்டினால் இசி2 சர்வரை (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர்) நிறுத்தும்படி தனியாக அமைக்கும் வசதி உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது நிற்கப் போகும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஆண்டின் பிற்பாதியில் குலை அதிகமாக விழும்போது சீட்டும் அதிகம், சர்வர் செலவும் அதிகம், லோரி ஆலை வாசலில் வரிசையாக நிற்கும் அன்றைக்குத்தான் உங்கள் சிஸ்டம் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் போனால், அந்த நஷ்டத்தைப் பல மாத கிளவுட் பில்லை மிச்சம் பிடித்தாலும் ஈடுகட்ட முடியாது. அதுவும் முழு மிச்சம் இல்லை. நிறுத்திய சர்வரின் டிஸ்க்குக்குக் கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நிறுத்தி வைத்த ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை) டேட்டாபேஸ் ஏழு நாளில் தானாகவே எழுந்துவிடும். சோதனைக்கு வைத்திருக்கும் சர்வரை மட்டும் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்கும்படி வையுங்கள், அது பயனுள்ளது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் லைவ் சர்வருக்குப் பட்ஜெட்டில் 50, 80, 100 சதவீதத்தைத் தொடும்போது மெசேஜ் வந்தால் போதும், முடிவு நீங்கள் எடுங்கள்.

கார்டுக்குத் தானாகக் காசு மாற்றுவது வேண்டவே வேண்டாம். தவறான ஒரு அமைப்பு, அல்லது திருடப்பட்ட ஒரு சாவி (கணக்கில் நுழையும் ரகசியக் குறியீடு), சர்வர்களைக் கணக்கில்லாமல் திறந்துவிட்டால் உங்கள் வியாபாரக் கணக்கே அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும். கிளவுட்டுக்கென்று தனி கார்டு, அதில் வழக்கமான பில்லைப் போல் இரண்டு மடங்கு இருப்பு, மாதக் கடைசியில் கையால் நிரப்புங்கள். அன்றைக்கு நீங்கள் திண்டாடியது லோரிக்காரர்கள் பின்னால் காசு கொடுப்பதால் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அதற்கு மருந்து முன்பணம் வாங்குவது.

வரி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 சதவீதம், ஜிஎஸ்டி காலத்தில் திரும்பக் கோர முடிந்தது, இதை அப்படிக் கோர முடியாது, அதனால் முழுத் தொகையும் செலவில் ஏற வேண்டும். பில் உள்ளூர் நிறுவனத்தின் (செண்டிரியான் பெர்ஹாட்) பெயரில் வந்திருக்கிறதா, வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரிலா என்று பாருங்கள். வெளிநாடு என்றால், நீங்கள் இ-இன்வாய்ஸ் (வரி இலாகாவுக்குப் போகும் மின்னணு பில்) வரம்புக்குள் வரும்போது அதற்கு நீங்களே இ-இன்வாய்ஸ் போட வேண்டும். டாலர் தொகையையும் பேங்க் வெட்டிய ரிங்கிட்டையும் தனித்தனியாகப் பதியுங்கள், வித்தியாசம் நாணய மாற்று லாப நஷ்டம் என்று போகட்டும். பில் பிடிஎஃப்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், அதையும் தானாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மிச்சக் காசை வேறு வேலைக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு லோரிக்காரரும் சர்வரில் எவ்வளவு தின்கிறார் என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி சர்வர் என்றால் அதற்கு டேக் (பெயர்ச்சீட்டு) ஒட்டி, பில்லிங் பக்கத்தில் அதை ஆக்டிவேட் செய்தால் போதும். எல்லாரும் ஒரே சர்வரில் என்றால் டேக் பிரித்துக் காட்டாது, மாதச் செலவைச் சீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு ஸீரோவில் வந்துவிட்டால், யாருக்கு விலை ஏற்ற வேண்டும் என்று பேசத் தைரியம் வரும்.

காசு கேட்கும் அவரிடம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கைக் கொடுக்காதீர்கள், பில்லை மட்டும் படிக்கும் அனுமதி போதும். பாதித் தொகையை முன்னால் கொடுங்கள். இரண்டு மாதம் தங்கை கையால் எழுதும் பழைய முறையும் கூடவே ஓடட்டும், இரண்டும் சென் கணக்கில் ஒத்துப்போன பிறகு மீதியைக் கொடுங்கள்.