பத்தாயத்துச் சாவி: வாசகர் கேள்வி பதில்

(கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையின் கவுன்ட்டரில் 34 ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு ஓய்வுபெற்ற வாசகி ஒருவர், பணம் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 61. நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த வகையில் 22 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் நிதி நிறுவனம் வைத்திருக்கிறார். நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதாமாதம் 5-ஆம் தேதி கையில் என்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். பையன் நல்ல பையன்தான். போடலாமா?
*ஒரு வாசகர், திருவையாறு*

வாத்தியார் ஐயா, கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 22 லட்சத்துக்கு மாதம் 44,000 ரூபாய். உங்கள் அசல் முழுவதும் வட்டி என்ற பெயரில் உங்கள் கைக்குத் திரும்பி வர 50 மாதம் ஆகும். அதாவது அந்தப் பையன் நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஒரு 5-ஆம் தேதியைக்கூடத் தவறவிடாமல் கொடுத்தால்தான் நீங்கள் நட்டமில்லாமல் வெளியே வருவீர்கள். முதல் வருடம் அவர் கொடுக்கப்போகும் 5,28,000 ரூபாய், உங்கள் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கக்கூடியதுதான். அதற்குத் தொழில் எதுவும் தேவையில்லை.

இன்னொரு கேள்வி. உங்களுக்கு 24 கொடுத்துவிட்டுத் தானும் சாப்பிட வேண்டுமென்றால், அவர் அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டும். எதில்? குறுவையும் சம்பாவும் என்ன மிச்சம் வைக்கின்றன என்பது நிலம் வைத்திருந்த உங்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1996-ல் என் அப்பா மூன்று மா நஞ்சையை விற்று, வந்த 90,000 ரூபாயை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். நூற்றுக்கு மூன்று வட்டி. அப்போது நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பேன் என்று அவருக்குத் தெரியும். மாதம் 2,700 ரூபாய் பதினோரு மாதம் வந்தது. பன்னிரண்டாம் மாதம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அப்பா தன் சைக்கிளையும் அங்கேயே நிறுத்திவிட்டு மாலை வரை உட்கார்ந்திருந்தார். அவர் டிரங்குப் பெட்டியில் அந்த ரசீது இன்னும் இருக்கிறது. மஞ்சள் தாள், மூலையில் மகாலட்சுமி, கீழே இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். ஒன்று தலைகீழாகக் குத்தியிருக்கிறது. ‘பங்குத் தொகை’ என்று அச்சடித்திருக்கிறதே தவிர ‘வைப்பு’ என்ற சொல் எங்குமே இல்லை. நான் அதைப் படித்தது கம்பெனி மூடிய பிறகு.

அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க இப்படிக் கதவைச் சாத்தியவர்கள் ஏராளம். அதனால்தான் 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். சொத்துகளை முடக்குவார்கள், ஏலம் விடுவார்கள். ஆனால் அது நடந்து முடிவதற்குள் வயது ஓடிவிடும். சரித்திரம் வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போகலாம். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மறுவருடம் இந்தியன் வங்கி தொடங்க முன்னின்றவர்களில் ஒருவர் நம் திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். அந்தக் கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரர்களையும் ‘நல்ல மனிதர்கள்’ என்று நம்பித்தானே போட்டிருப்பார்கள்?

இந்த ஊரில் நிதிகள், அதாவது உறுப்பினர்களிடமே வைப்பு வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும் நிறுவனங்கள், பழையவை. ஒழுங்காக நடப்பவையும் உண்டு. அதனால்தான் அந்தப் பெயரைச் சுலபமாக இரவல் வாங்க முடிகிறது. உங்கள் ஊர்ப் பையனிடம் இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்ட நிதியா? நிதி என்றால் உறுப்பினரிடம் மட்டுமே வைப்பு வாங்கலாம்; ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க விதி இடம் தராது. அவர் 24 என்கிறார். அப்படியானால் அது நிதியாக இருந்தாலும் தவறு, இல்லாவிட்டாலும் தவறு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், 15 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவேன். 60 வயது தாண்டியவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம். இப்போதைய 8.2 சதவீதத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். நீங்கள் போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. பாக்கி 7 லட்சத்தை இரண்டு வங்கிகளில் பாதிப் பாதியாகப் போடுங்கள். ஒரு வங்கி விழுந்தால், அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. இது 2020 பிப்ரவரியிலிருந்து. அதற்கு முன் வெறும் 1 லட்சம். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டால் இரண்டு காப்பீடு கிடைக்காது. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடே கிடையாது, அதையும் மனதில் வையுங்கள்.

மகன் வேண்டாம் என்கிறான் என்பதை முழுக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா.

தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. 4 லட்சம் கொடுத்து ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்தோம். 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். போன மாதம் வங்கிக்காரர்கள் வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டிப் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரர் போன் எடுப்பதில்லை. எங்கள் பணம் போய்விட்டதா?
*ஒரு வாசகி, தாராசுரம்*

போய்விட்டது என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் வீட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பணத்தை வாங்குவது கடினம். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருந்தால்தான் செல்லும். செலவுக்குப் பயந்து யாரும் பதிவு செய்வதில்லை. வீட்டுக்காரரும் ‘நமக்குள் எதற்கு’ என்பார். நீங்கள் கையில் வைத்திருப்பது, அவருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. தொலைத்துவிடாதீர்கள்.

பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த மாதப் பக்கத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள். கையில் கொடுத்திருந்தால் உடன் இருந்தவர்களின் பெயரை இன்றே எழுதி வையுங்கள். கடன் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டீசைக் கிழிக்காமல் படம் எடுத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. வழக்கை உங்கள் கணவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் போட முடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

அடுத்த முறை ஒத்திக்குப் போகிறவர்களுக்கு: பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான அடமானம் ஏதும் உண்டா என்று) பார்ப்பதற்குக் காசு கிடையாது. சர்வே எண் தெரிந்தால் போதும், கணினி மையத்தில் பத்து நிமிட வேலை. வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறோம், பத்திரத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

அப்பாவுக்கு ஒரு வீடியோ அழைப்பு. போலீஸ் உடையில் ஒருவர், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று சொல்லி 86,000 ரூபாயை அனுப்பச் செய்துவிட்டார். நெல் போட்ட பணம். வங்கி திருப்பித் தருமா?
*ஒரு வாசகர், மன்னார்குடி*

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தாயா தம்பி? கடிதத்தில் அது இல்லை. அழைக்கவில்லை என்றால் இதைக் கீழே வைத்துவிட்டு அழை. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். நடுவில் எங்காவது நிற்கும்போது பிடித்தால்தான் உண்டு. பிறகு வங்கிக் கிளைக்கு எழுத்தில் புகார், நகலில் முத்திரை.

வங்கி தருமா என்றால், நேராகச் சொல்கிறேன்: அப்பாவே அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாவது ஆள் திருடி, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால்தான் முழுப் பணம் என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. புகாருக்குப் பிறகும் பணம் போனால் அது வங்கியின் தலையில். அதனால்தான் தாமதிக்காதே என்கிறேன்.

அப்பாவைத் திட்டாதே. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம் ஒரு பெரியவர் கவுன்ட்டருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் போன், கேமரா வெளியே தெரியும்படி. வைப்பை உடைத்து ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்ற படிவத்தை நீட்டினார். பேசவே இல்லை. வழக்கமாகப் பேரன் கதையெல்லாம் சொல்கிறவர். கணக்கு எண் எழுதிய இடத்தில் பேனா இரண்டு தடவை தாளைக் கிழித்திருந்தது. ஒரு சலானின் பின்பக்கம் ‘யாராவது மிரட்டுகிறார்களா?’ என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். கையை நீட்டி அந்தப் போனை எடுத்து அணைத்தேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலை ஆறு மணியிலிருந்து அழைப்பைத் துண்டிக்கவில்லையாம். குளிக்கும்போதுகூடக் குளியலறை வாசலில் போனை வைக்கச் சொன்னார்களாம். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர்.

டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்.

மே மாதக் கடைசியில் என் கணக்கிலிருந்து 436 ரூபாயும் 20 ரூபாயும் தானாகப் பிடித்திருக்கிறார்கள். திருட்டா?
*ஒரு வாசகி, பேராவூரணி*

இல்லை, நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்ட காப்பீடு. 436 ரூபாய்க்கு எந்த விதத்தில் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய்க்கு விபத்தில் இறந்தால் 2 லட்சம். நிறுத்தாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்றே சொல்லுங்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கணக்கை மூடிக்கொண்டு போன குடும்பங்களை என் கவுன்ட்டரில் பார்த்திருக்கிறேன்.

கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் வைப்பில் நாமினி என்று என் கொழுந்தனார் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் போட்டது. ‘நாமினி நான், பணம் எனக்கு’ என்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள். மாமியார் எங்களோடு இருக்கிறார்.
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வலங்கைமான்*

நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர். பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். கணவர் உயில் எழுதவில்லையென்றால், இந்து வாரிசு உரிமைப்படி நீங்கள், இரண்டு பிள்ளைகள், உங்கள் மாமியார் ஆகிய நால்வருக்கும் சமபங்கு. கொழுந்தனாருக்குப் பங்கே இல்லை. மாமியாருக்கு உண்டு என்பது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அவர் உங்களோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். வங்கி நாமினியிடம் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்துவிடும். பிறகு நீங்கள் கொழுந்தனாரிடம்தான் கேட்க வேண்டும். எனவே வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு, வக்கீல் மூலம் கொழுந்தனாருக்கு நோட்டீஸ், வங்கி மேலாளருக்கு அதன் நகல், மூன்றும் இந்த வாரமே. வங்கி கொடுக்காமல் நிறுத்தி வைக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். வக்கீலிடம் அதையும் கேளுங்கள். கணவர் பெயரில் நகைக் கடன் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நகை உங்களுடையதாகவே இருந்தாலும் சீட்டு அவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று இல்லாமல் மீட்க விடமாட்டார்கள். அதற்குள் தவணை தாண்டி ஏலத்துக்குப் போகாமல் வட்டியையாவது கட்டிவிடுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் கணக்குக்கு யார் நாமினி?
*ஒரு வாசகர், கும்பகோணம்*

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த 1990-ல் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. நாமினி: என் அப்பா. அவர் 2009-ல் போய்விட்டார். அதற்குப் பிறகும் பதினைந்து வருடம் அந்தக் கணக்கில்தான் சம்பளம் வாங்கினேன், பிறருக்கு நாமினிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை எழுதலாம் என்பதால், போன செவ்வாய்க்கிழமை போய் வீட்டுக்காரர் பெயரையும் இரண்டு பெண்களின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நான் வேலை சொல்லிக்கொடுத்தவள். படிவத்தை வாங்கிப் படித்தாள், பழைய பெயரைப் பார்த்தாள், “மேடம், நீங்களா?” என்றாள்.