வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்ய, சுவரில் முட்டை அட்டை ஒட்டி, காஸ்ட்லி சாஃப்ட்வேர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இரண்டுமே வேண்டாம். கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: புதுச்சேரியில் ஒரு ரூம், கையில் நாற்பதாயிரம் ரூபாய், யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை. அநேகமாகப் படிப்பு முடிந்து வேலைக்குப் போவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் இருக்கிறீர்கள், வீட்டில் இந்தப் பணத்துக்கே தினமும் கணக்குக் கேட்பார்கள். அதை முதல் வாரமே சுவரில் ஒட்டும் ஃபோமில் போட்டுத் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். ஆடி வந்தால் அம்மன் பாட்டு, டிசம்பரில் சர்ச் பாட்டு, நடுவில் குறும்படங்களுக்கு டப்பிங், எப்போதாவது ஒரு நாதஸ்வர செட். என் வயிற்றுப்பாடு இதில்தான் ஓடுகிறது. "சினிமாவுக்கு வேலை செய்திருக்கிறாயா, செய்துவிட்டு வந்து பேசு" என்று கீழே யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். செய்ததில்லை. ஆனால் சுவரில் ஒலி பட்டுத் திரும்புவது சினிமாக்காரருக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான்.

முட்டை அட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதுதான் சாகாத கதை. அந்த அட்டை கொஞ்சம் ஹை ஃப்ரீக்வென்சியை மட்டும் லேசாகக் கலைக்கும். அடியில் இருக்கும் பேஸ் சத்தத்தை அது தொடவே தொடாது. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட பதினோரு அடி. பதினோரு அடி அலையை ஒரு விரல் கனம்கூட இல்லாத காகிதக் கூழ் என்ன செய்துவிடும்? கடையில் விற்கும் ஒரு இன்ச் கறுப்பு ஃபோமும் இதற்கு அண்ணன்தான், பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் சேர்ந்து ரூமில் இருக்கும் பளிச்சென்ற சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, அடியில் இருக்கும் கும்மென்ற சத்தத்தை அப்படியே விட்டுவிடும். பாடினால் போர்வைக்குள் இருந்து பாடுவது போல வரும். தவிர ஒரு தீப்பொறி பட்டால் போதும், அட்டை பற்றிக்கொள்ளும், இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு குழப்பமும் இதிலேயே இருக்கிறது. ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்று நினைக்கிறார்கள். ரூமுக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, வெளியே போகும் சத்தத்தைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. தடுக்க வேண்டுமென்றால் கனமும் அடைப்பும் வேண்டும்: செங்கல், கனமான கதவு, ஜன்னல் இடுக்கில் ரப்பர். காற்று போகிற வழியெல்லாம் சத்தமும் போகும். ஃபோமைக் காட்டி "சவுண்ட் ப்ரூஃப்" என்று விற்கிறவரிடம், கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ரூம்களுக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு, வெளிநாட்டுக்காரர் வீடியோவில் அது வராது. பத்துக்குப் பத்து ரூம், உயரமும் கிட்டத்தட்ட பத்தடி, சுற்றிலும் செங்கல், மேலே கான்கிரீட். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் ஒரே ஃப்ரீக்வென்சிதான் மாட்டிக்கொண்டு சுற்றும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ் பக்கம், அடுத்தது 112. அந்த ரூமில் உட்கார்ந்து பேஸ் கூடுதலா குறைவா என்று காதால் முடிவு செய்யவே முடியாது, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டால் பேஸே மாறிவிடும். இதற்கு வழி ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த கனமான பஞ்சு. அதற்கு ஸ்டுடியோ சாமான் கடைக்குப் போகாதீர்கள். பாய்லர் குழாய்க்குச் சுற்றுவதற்கு அதையேதான் வாங்குகிறார்கள், கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் இன்சுலேஷன் வேலை செய்கிறவர்களை விசாரித்தால் கிடைத்துவிடும். இரண்டு இன்ச் ஸ்லாப் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மரச்சட்டம் அடித்து, துணி சுற்றி, மூலைகளில் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போக வேண்டும், அந்தத் துணிதான் சரி. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு எடுத்துவிடும். அவ்வளவு செய்ய முடியாதென்றால் பாடுகிறவர் முதுகுப் பக்கம் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வையுங்கள், பேஸுக்கு ஒன்றும் ஆகாது, குரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். எத்தனையோ அம்மன் பாட்டு என் வீட்டில் மெத்தைக்கு முன்னால் பாடியதுதான்.

இப்போது சாஃப்ட்வேர், அதாவது ப்ரோ டூல்ஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர் மாதிரி ரெக்கார்டிங் செய்து மிக்ஸ் செய்கிற சாஃப்ட்வேர். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "ப்ரோ டூல்ஸில் மிக்ஸ் செய்தால் சவுண்டே வேற", "எஃப்எல் சின்னப் பசங்க சாஃப்ட்வேர்", "ரீப்பர் சவுண்ட் தட்டையா இருக்கும்". இதை வருடக்கணக்காக என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள், நான் ரீப்பர் வைத்திருப்பதால். தனித்தனியாக ரெக்கார்ட் செய்த குரல், வாத்தியம் என்கிற டிராக்குகளைக் கூட்டுவது வெறும் கணக்கு. எல்லா சாஃப்ட்வேரும் அதே கூட்டலைத்தான் செய்கின்றன. வித்தியாசம் கேட்கிறதென்றால் பெரும்பாலும் பான் லா வேறாக இருக்கும், அதாவது இடது, வலது இரண்டுக்கும் நடுவில் வைத்த டிராக்கை ஒன்று மூன்று டெசிபல் குறைக்கும், இன்னொன்று குறைக்காது. அதைச் சமமாக்கிவிட்டால் வித்தியாசம் போய்விடும்.

இதை வாயால் சொல்லி ஜெயிக்க முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன். பாண்டி, கடலூர், நெல்லிக்குப்பம் என்று வீட்டில் ரெக்கார்டிங் செய்கிற பையன்கள், ஸ்டுடியோவில் வேலை செய்கிற சீனியர்கள் இரண்டு பேர். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது ஆடியோவை நசுக்கிவிடும், அதனால் பென் டிரைவில் ஃபைல்களைக் கொண்டுபோனேன். ஆர்மோனியம் வைத்து ஒருத்தர் பாடியது, இரண்டு ஃபைல். முதலாவது என் லேப்டாப்பிலிருந்து நேராக வந்தது, இரண்டாவது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வால்வ் ப்ரீஆம்ப் (மைக்கில் வரும் சிக்னலைப் பெருக்கும், பழைய ரேடியோ மாதிரி வால்வ் வைத்த பெட்டி) வழியாகப் போய் வந்தது என்று சொன்னேன். சென்னை என்றதுமே இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். போட்டுக் காட்டினேன். "ரெண்டாவதுல டெப்த் இருக்குண்ணா." "வார்ம்த் தனியா தெரியுது." சீனியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதத்தான் உங்கிட்ட இத்தன வருஷமா சொல்றேன், இந்த உருண்டை லேப்டாப்புல வராது" என்றார்.

இரண்டும் ஒரே ஃபைல்தான். இரண்டாவதை ஒரு டெசிபல் ஏற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

நம்பவில்லை. சரி என்று இரண்டையும் ரீப்பரில் போட்டு, அந்த ஒரு டெசிபலை இறக்கி, ஒன்றின் ஃபேஸைத் திருப்பிவிட்டு, அதாவது அலையைத் தலைகீழாக்கிவிட்டு, சேர்த்து ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். முழு நிசப்தம், மீட்டர் முள் அசையவில்லை. இரண்டு ஃபைலில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அந்த மிச்சம் கேட்கும். நல் டெஸ்ட் என்று பெயர், செலவு எதுவும் இல்லை, எந்த சாஃப்ட்வேரிலும் செய்யலாம். பையன்கள் சிரித்தார்கள். அந்த சீனியர் மட்டும் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார், இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை, நான் ஏமாற்றிவிட்டேனாம். விலையைச் சொன்னால் காது மாறுகிறதா என்று பார்க்கத்தானே அந்தப் பரிசோதனை, விலையைச் சொல்லாமல் எப்படிப் பார்ப்பது?

இதில் அவர் காதுக்குக் குறை எதுவும் இல்லை, எல்லார் காதும் அப்படித்தான். சத்தம் கொஞ்சம் கூடினாலே நமக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து வைத்துவிட்டார்கள், சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குப் பேஸ் சரியாகத் தெரியாது, ஏற்ற ஏற்றத் தெரியும். அதனால் எந்த ப்ளக்-இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர்), எந்த ப்ரீஆம்ப், எந்த "மாஸ்டரிங் ரகசியம்" யார் காட்டினாலும் போடுவதற்கு முன்னும் பின்னும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். விற்கிறவர்கள் அதைச் சமமாக்க மாட்டார்கள். வால்வ் ப்ரீஆம்ப் எல்லாம் பொய் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அது சேர்க்கிற டிஸ்டார்ஷன் உண்மையானது, அளக்கலாம், சிலருக்கு அது பிடிக்கும். நாற்பதாயிரம் வைத்திருப்பவருக்கு அது முதல் செலவா என்பதுதான் கேள்வி.

அடுத்தது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதிக்கொள்கிறோம் என்பது. 192 கிலோஹெர்ட்ஸில் ரெக்கார்ட் செய்தால் "படிக்கட்டு" இல்லாமல் ஒலி வழவழப்பாக வரும் என்பார்கள். படிக்கட்டே கிடையாது. சாம்பிள்கள் வெறும் புள்ளிகள், அவற்றிலிருந்து திரும்ப வரும் அலை வழவழப்பானதுதான், சாம்பிள் ரேட்டில் பாதி வரைக்கும் இருப்பது முழுதாகத் திரும்பும். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயதானால் அதுவும் இல்லை. 1982ல் வந்த சிடியின் 44.1 இதற்குப் போதும், வீடியோ வேலை என்றால் 48 வையுங்கள். ஆனால் 24 பிட் (ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது) கதை அல்ல, ரெக்கார்டிங்கில் அதை வையுங்கள். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே 16 பிட்டுக்கு சுமார் 96 டெசிபல் இடம்தான், 24 பிட் இருந்தால் மீட்டர் சிவப்பைத் தொடுமோ என்று பயப்படாமல் கொஞ்சம் இறக்கியே ரெக்கார்ட் செய்யலாம், பாடுகிறவர் திடீரென்று மேலே போனாலும் கிழியாது.

மைக். கண்டென்சர் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் மைக்) தான் ஸ்டுடியோ மைக், டைனமிக் (கையில் பிடித்துப் பாடுகிற முரட்டு மைக்) மேடைக்கு என்பதும் அரைகுறை. ஃபேன், காக்கா, மீன்காரர் குரல் எல்லாம் வருகிற ரூமில் டைனமிக்கை வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடினால் சுத்தமாக வரும். ஆனால் "டைனமிக் ரூம் சத்தத்தை எடுக்காது" என்பதும் கதைதான், கிட்ட வைத்துப் பாடுவதால்தான் ரூம் சத்தம் குறைகிறது, இரண்டடி தள்ளி நின்றால் அதுவும் ரூமைத்தான் எடுக்கும்.

ஹம்மிங் போக தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கச் சொல்வார்கள். நம் பக்கம் ஹம்மிங்குக்குக் காரணம் பெரும்பாலும் எர்த்தும் இன்வெர்ட்டரும்தான். சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது ரெக்கார்ட் செய்தால் ர்ர்ர் என்று ஒரு சத்தம் கூடவே வரும், சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் கேபிள்மேல் குற்றமில்லை. சிலர் பிளக்கில் எர்த் பின்னையே உடைத்துவிடச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள், ஹம்மிங்கோடு உயிரும் போகும். கேபிளில் கவனிக்க வேண்டியது வேறு: உப்புக்காத்து. கடலோரத்தில் ஜாக் எல்லாம் கறுத்துப்போகும், நவம்பர் மழையில் கண்டென்சர் மைக் கரகரவென்று பொரியும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடி வைத்தால் போதும்.

பாட்டை -14 எல்யூஎஃப்எஸ்ஸில்தான் (பாட்டு மொத்தத்தில் காதுக்கு எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதற்கான அளவு) முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஸ்பாட்டிஃபை ஓட்டும்போது அந்த அளவுக்குச் சமப்படுத்துகிறது, யூடியூப் சத்தம் கூடினதைக் குறைக்கிறது. பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை வையுங்கள். காது கிழிய ஏற்றுவதில் லாபம் இல்லை என்பது மட்டும்தான் இதன் அர்த்தம்.

சத்தத்தை ஏற்று என்று கேட்பவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கோயில் விழாக் கமிட்டி, பெயர் வேண்டாம், அம்மன் பாட்டு நான்கு செய்யச் சொன்னார்கள். "குழாய் ஸ்பீக்கர்ல அலறணும் தம்பி" என்றார்கள், செய்து கொடுத்தேன். தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ், அதில் பணம் கொடுத்தவர், பணம் கொடுத்தவரின் மச்சான், மச்சானின் கைக்குழந்தை வரைக்கும் போட்டோ. பாடிய பெண்ணின் பெயர் இல்லை, பம்பை வாசித்தவர் பெயர் இல்லை, என் பெயரைப் பற்றி நானே கேட்கவில்லை. மீதிப் பணம் கேட்டால் "சாமி காரியம், கணக்குப் பாக்காத" என்கிறார்கள். பந்தல்காரரிடமும் பூக்காரரிடமும் அப்படிச் சொல்வார்களா? பாட்டு என்றால் மட்டும் காற்றிலிருந்து வருவதாக நினைப்பு. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்றால் பாதி முன்பணம் வாங்காமல் மைக்கை ஆன் செய்யாதீர்கள்.

உங்கள் நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி). அதோடு ஒரு டைனமிக் மைக், ஸ்டாண்ட், காதை மூடிக்கொள்ளும் ஒரு நல்ல ஹெட்ஃபோன். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம், அந்த ரூமில் அது பொய்தான் சொல்லும். மிச்சம் ராக்வூலுக்கும் மரத்துக்கும் தச்சருக்கும். சாஃப்ட்வேருக்கு ரீப்பரை ட்ரையலில் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள், தனி ஆளுக்கான லைசென்ஸ் 60 டாலர்தான்.

அப்புறம், வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைப்பது சதி, 432தான் பிரபஞ்ச சுருதி என்று எழுதப்போகிறவர்களுக்கு. 440 என்பது எல்லாரும் சேர்ந்து வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று 1955ல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு பரிந்துரைத்த அளவு, அதில் சதி ஏதும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நம் ஊரில் பாடகர் அவரவர் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, ஐந்து கட்டை என்று சுருதி வைத்துக்கொள்கிறார், திமிரி நாதஸ்வரம் ஒரு சுருதி, பாரி நாதஸ்வரம் ஒரு சுருதி, இதில் எது பிரபஞ்சத்துக்குப் பிடித்தது? கமெண்ட் எழுதுவதற்கு முன் உங்கள் சுருதி என்ன கட்டை என்று முதல் வரியில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள், பதில் சொல்கிறேன்.