கருமணலுக்குள் அணுக்கரு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அணுக்கரு பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வரும் கேள்விகள் எங்கே தொடங்கினாலும், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் வந்து நிற்கின்றன. நிற்கட்டும். அணுக்கருவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஐயா, புரோட்டான்கள் எல்லாமே நேர்மின்சுமை கொண்டவை. அணுக்கருவுக்குள் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறிவிடாதா? (மாணவி, மார்த்தாண்டம்)

தள்ளத்தான் செய்கின்றன. அதை மீறிப் பிடித்து வைப்பது அணுக்கரு விசை. புரோட்டான், நியூட்ரான் என்ற பேதமின்றி இழுக்கும் விசை அது. ஆனால் இரண்டு மூன்று ஃபெம்டோமீட்டருக்கு அப்பால் அது எட்டாது. மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஃபெம்டோமீட்டர்.

முக்கியமான இடம் இதுதான், அம்மா. ஒரு புரோட்டானை இழுத்துப் பிடிப்பவை அதன் பக்கத்துத் துகள்கள் மட்டுமே. தள்ளுவதோ அணுக்கருவில் உள்ள மற்ற எல்லாப் புரோட்டான்களும். எனவே கரு பெரிதாகப் பெரிதாகத் தள்ளுவிசையின் கை ஓங்குகிறது. ஈடுகட்ட, தள்ளாமல் இழுக்க மட்டும் செய்யும் நியூட்ரான்கள் கூடுதலாக வேண்டும். ஹீலியத்துக்கு இரண்டுக்கு இரண்டு போதும். ஈயம் 208-க்கு 82 புரோட்டான்களுடன் 126 நியூட்ரான்கள் (பெயரோடு வரும் எண் இவ்விரண்டின் கூட்டுத்தொகை). ஈயத்தைத் தாண்டிவிட்டால் எத்தனை நியூட்ரான்களைச் சேர்த்தாலும் கரு நிலையாக இருப்பதில்லை. 90 புரோட்டான்கள் கொண்ட தோரியம் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

அணுக்கரு எவ்வளவு சிறியது? (நாகர்கோவில்)

தங்கத்தின் அணுக்கருவை இரண்டு மில்லிமீட்டர் கடுகாக வைத்துக்கொண்டால், அணுவின் விட்டம் குமரிமுனையில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையின் உயரம் இருக்கும். நிறையில் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கடுகுக்குள்.

கருமணலை நன்றாகக் கழுவினால், அல்லது தீயில் சுட்டால், கதிரியக்கம் போய்விடுமா? (குளச்சல்)

போகாது. தீ தொடுவது அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களை மட்டுமே. அங்கே நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஓர் அணுவுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு). தோரியக் கரு சிதையும்போது வெளியேற்றும் ஓர் ஆல்பா துகளின் (இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த கட்டு) ஆற்றலோ சுமார் 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அடுப்பின் சூடு கருவை எட்டுவதே இல்லை.

இன்னொன்று. கறுப்பு நிறத்துக்குக் காரணம் தோரியம் அல்ல; இல்மனைட் என்ற தாது. ஒரு பிடி மணலை வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: கறுப்பு மணிகள் இல்மனைட், சிவப்பு கார்னெட். இடையிடையே தேன் நிறத்தில் தெரியும் மணிகளில் மோனசைட் இருக்கும். தோரியம் இருப்பது அதில்தான். இந்தத் தாதுக்கள் எல்லாம் கனமானவை. அலை வெள்ளை மணலை அரித்துக்கொண்டு போக, இவை கரையில் தங்கிவிடுகின்றன.

ஆல்பா துகளைத் தோலே தடுத்துவிடும். ஆல்பாவைப் பொறுத்தவரை, மணல் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போவதுதான் கவலைக்குரியது. மணல் அள்ளும், சலிக்கும் வேலையில் இருப்பவர்கள் முகக்கவசம் இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. தயவுசெய்து அணியுங்கள்.

தோரியத்தின் அரை ஆயுள் முடிந்ததும், அடுத்த அரை ஆயுளில் மீதியும் தீர்ந்துவிடுமா? (தக்கலை)

இல்லை, மீதியில் பாதிதான் தீரும். அரை ஆயுள் என்பது இருக்கும் கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம். தோரியம் 232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அப்படியிருந்தும் ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 4,000 கருக்கள் சிதைகின்றன. அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிது.

தோரியம் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. பிறகு ஏன் கூடங்குளத்தில் யுரேனியம்? (அஞ்சுகிராமம்)

அணு உலை இயங்க, நியூட்ரான் பட்டதும் எரிபொருளின் கரு பிளவுபட வேண்டும். அணுக்கருவுக்குள் நியூட்ரான்கள் ஜோடி சேர விரும்புகின்றன. யுரேனியம் 235-இல் 143 நியூட்ரான்கள். ஒன்று ஜோடியில்லாமல் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் நியூட்ரான் அதோடு சேரும்போது வெளிப்படும் ஆற்றலே கருவைப் பிளக்கப் போதுமானது. தோரியம் 232-இல் 142. ஜோடிகள் ஏற்கெனவே முழுமை. புதிதாக வரும் நியூட்ரானால் கிடைக்கும் ஆற்றல் குறைவு. மெதுவான நியூட்ரானை அது விழுங்கிக்கொள்ளுமே தவிர, பிளவுபடாது.

ஆனால் விழுங்கிய கரு சும்மா இருப்பதில்லை. 22 நிமிட அரை ஆயுளில் புரோட்டாக்டினியமாகவும், பிறகு 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம் 233 ஆகவும் மாறுகிறது. இது நன்றாகப் பிளவுபடும். கல்பாக்கத்தில் உள்ள காமினி என்ற சிறிய ஆய்வு உலைக்கு எரிபொருள் இதுவே. அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட். கூடங்குளத்தின் ஓர் அலகு தரும் மின்சாரம் 1,000 மெகாவாட். இடைவெளியைக் கடப்பது எளிதல்ல. யுரேனியம் 233-உடன் சிறிதளவு யுரேனியம் 232-உம் உருவாகிவிடுகிறது. அது சிதைந்து உருவாகும் வழித்தோன்றல்கள் கடுமையான, ஊடுருவும் காமாக் கதிர்களை வீசுவதால், எரிபொருளைத் தடித்த கவசச் சுவருக்கு அப்பால், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளைக் கொண்டே தயாரிக்க வேண்டியிருக்கிறது.